கூறு வாங்காதவள்

சின்னதம்பியைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு அவர் மனைவி அம்மாக்கண்ணு, "பேர மாத்திக்கோங்க, சேதிய மாத்தாதீங்க" என்றாள். அப்படியே செய்திருக்கிறேன். இதில் வரும் கோபம் மட்டும் என் சொந்தக் கோபம்.

மலைக்குக் கீழே, வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நம்பிக்கை மையத்தில் நான் ஆலோசகர். பெயர் வெண்ணிலா. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னால் ஆட்களிடம் பேசுவதும், முடிவு வந்த பிறகு அதை அவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்வதும் என் வேலை. எந்த வியாதிக்காரரிடமும் மெதுவான குரலில் பேசிப் பேசி வீட்டிலும் எனக்கு அந்தக் குரலே வந்துவிட்டது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாத ஓர் ஆளாக வந்து சேர்ந்தார் சின்னதம்பி.

ஜவ்வாது மலையில், ஒடுகத்தூரிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகும் ஒரு சின்ன ஊர் அவருடையது. சரிவில் கொஞ்சம் சாமை, ஓடையோரம் நாலைந்து புளியமரம். அது போதாது என்று இளவயதில் போர் வண்டிக்குப் போனார். லாரியில் குழாய்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. மகாராஷ்டிரம், ஒடிசா என்று மொழி தெரியாத ஊர்களிலேயே வருஷங்கள் போயின. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். குழாயை இறக்கு, நிறுத்து, தண்ணி வந்துவிட்டது, விலகு. ஒருநாள் போதும் என்று ஊருக்குத் திரும்பி, அம்மாக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு, மலையை விட்டு இறங்காமல் இருந்தார்.

ஊரில் அவருக்கு வேறொரு மரியாதையும் இருந்தது. தை மாதத் திருவிழாவில் ஊர்ப் பொதுவில் பன்றி அறுப்பார்கள். அறுப்பதும், வீட்டுக்கு ஒன்றாகக் கூறு போடுவதும் சின்னதம்பிதான். தராசு கிடையாது. கண் அளவில் எலும்பும் கறியும் கொழுப்பும் பிரித்து இலைகளில் வைப்பார். யாரும் எந்தக் கூறையும் எடுக்கலாம், மனக்குறை வராது. இத்தனை நியாயமாகப் பங்கு போடுகிற மனுஷன் அந்த மலையில் இல்லை என்று அவர் அண்ணன் ஆனந்தன் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அவர்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு. பிள்ளை உண்டான பெண் அந்தக் கறியைத் தொடக் கூடாது. அறுக்கிற இடத்தின் பக்கம்கூட வரக் கூடாது. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து அம்மாக்கண்ணு முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஆகவே திருவிழாவுக்கு முன்பே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஒரு விஷயம் பிற்பாடு என் உயிரை வாங்கியது.

அந்தத் தையில் அறுக்கும்போது கத்தி நழுவிச் சின்னதம்பியின் கட்டை விரலில் இறங்கியது. மஞ்சளை அப்பித் துணி சுற்றிக்கொண்டு கூறு போட்டு முடித்தார். அந்த வாரத்திலேயே காய்ச்சல், மண்டை பிளக்கிற வலி, வாந்தி. ஒடுகத்தூரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அண்ணனைப் பார்த்து நீ யார் என்று கேட்டிருக்கிறார். ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கழுத்து கட்டையாக விறைத்திருந்தது.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்ததில் மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தது. அதை உண்டாக்கிய கிருமி பன்றியிடமிருந்து வருவது. காயத்தின் வழியாக உள்ளே போயிருக்கிறது. ஊர் முழுக்கத் தின்றது, இவர் ஒருவருக்கு மட்டும் வந்தது. எங்கள் ஊரில் அபூர்வமான கிருமி என்று ஆஸ்பத்திரியே பரபரப்பாகிவிட்டது. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் படம் எடுத்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பன்றிக் காய்ச்சல் என்று பயந்து மூக்கைப் பொத்தினார்கள். அது வேறு, இது வேறு என்று நர்சுகள் தொண்டை வறளச் சொன்னார்கள்.

டாக்டர் அருள்மணி ஒருவர்தான் கிருமியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். முப்பத்து நாலு வயதுக்காரர் ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறார், வாய்க்குள் ஏன் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்று கேட்டார். சுய நினைவில்லாதவரின் உயிரைக் காக்க எடுத்த ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சின்னதம்பிக்கு எச்.ஐ.வி. இருந்தது. வெகு காலமாகவே இருந்திருக்க வேண்டும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

எனக்குக் கோபம் எங்கே வந்தது என்றால், ஆனந்தனிடம் பழைய கதையைக் கேட்டபோது. இரண்டு வருஷம் முன்னால் சின்னதம்பிக்கு விலாவில் அக்கி வந்திருக்கிறது. சந்தவாசலில் ஒரு குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். அந்தக் குயவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் தெரிந்ததைச் செய்தார். ஆனால் அதற்குப் பிறகும் வலி தாங்காமல் கீழே ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார், அவர் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் மாதக் கணக்கில் வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் டானிக் கொடுத்தார்கள். சட்டை தொளதொளவென்று ஆனபோது சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்களாம். எத்தனை பேர் கை வைத்துப் பார்த்த உடம்பு! எச்.ஐ.வி.யாக இருக்குமோ என்று ஒரு சொட்டு ரத்தம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மலைக்காரன், சம்சாரி, இவனுக்கு எங்கே வரப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். அப்படித்தான் நினைப்போம், எல்லாரும்.

மருந்து வேலை செய்தது. சின்னதம்பி கண் திறந்தார், ஆளைக் கண்டுகொண்டார், கஞ்சி கேட்டார். ஆனால் கேட்டது ஊருக்கே கேட்கிற குரலில். அவருக்குக் காது போய்விட்டது. இரண்டு காதும். அந்தக் கிருமி விட்டுப் போகிற வடு அது. திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை என்றார் டாக்டர்.

இனி என் வேலை. முடிவை அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். மனைவிக்குச் சொல்ல வழி உண்டு. ஆனால் முதலில் அவருக்குப் புரியவைத்து, அவர் வாயால் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகுதான். நல்ல சட்டம். அதை எழுதியவர்களுக்கு, காது கேட்காத, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதரிடம் ரகசியத்தை எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரிந்திருக்காது.

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். என் அறை என்பது வார்டின் ஓரத்தில் பிளைவுட் தடுத்த ஒரு மூலை. தடுப்பு கூரையைத் தொடாது. அங்கே அவரை உட்காரவைத்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தெரியாத பொம்பளையின் வாயை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். நான் வாயைக் காட்டக் காட்ட அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அருள்மணி ஆண்பிள்ளை, அவர் சொன்னால் பார்ப்பார் என்று அழைத்து வந்தேன். அவர் ஒரு தாளில் ஓர் ஆண், ஒரு பெண், வயிற்றில் குழந்தை, நடுவே ஒரு சொட்டு ரத்தம் என்று வரைந்தார். சொட்டைத் தொட்டு, சின்னதம்பியைத் தொட்டு, கிருமி என்பதற்கு விரல்களைப் புழு மாதிரி நெளித்துக் காட்டினார். சின்னதம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா சார், பன்னி ரத்தம்" என்று கத்தினார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் படத்தில் இருந்த பெண்ணைத் தொட்டு, ஊசி போடுவதுபோல் காட்டினார். மனைவிக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் சிரித்தார். "அவளுக்கு எதுக்கு சார்? அவ கூறே வாங்கலியே. ஊர்லயே இல்ல அவ."

இதுதான் என் தலைவலியின் ஆணிவேர். அந்த அபூர்வக் கிருமி எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. அவர் ஏன் படுத்தார்? பன்றி. ஏன் மெலிந்தார்? பன்றி. காது ஏன் போயிற்று? பன்றி. அதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாமல் அது நந்தி மாதிரி குறுக்கே நின்றது. ஆனந்தனிடம், தம்பி மனைவிக்குக் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை எல்லாம் ஆயிற்றா என்று பட்டும் படாமலும் கேட்டேன். அவருக்கும் அதே பதில்தான். மாசமாக இருக்கிறவள் கறியைத் தொடுவதில்லை, அவளுக்கு ஒன்றும் வராது, நீங்கள் பயப்படாதீர்கள் என்று எனக்கே தைரியம் சொன்னார்.

சேதி கேட்டு அம்மா வீட்டிலிருந்து வந்து அவர் கட்டிலோரமே கதியாக இருந்த அம்மாக்கண்ணுவுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. மலைக்கு வரும் நர்சம்மா ரத்தம் எடுக்க வந்தபோதெல்லாம் இவள் சாமை அறுப்பில் இருந்தாளாம். ஒருமுறை வீட்டில் இருந்தும், ரத்தம் குறைந்துவிடும் என்று மாமியார் அனுப்பவில்லையாம். இவளுக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இருந்தால் இப்போதே மாத்திரை தொடங்கினால் பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தள்ளிப் போகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஆபத்து. அந்தப் பிள்ளை என் கண் முன்னால் ஒரு வயிற்றுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள்தான் அவருக்குக் காது. பக்கத்திலேயே இருந்து பார்த்ததால் எனக்குத் தெரியும். போர் வண்டியில் பழகிய ஜாடைகளை அவர் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். இல்லாதவற்றை இரண்டு பேருமாக உண்டாக்கிக்கொண்டார்கள். அவள் மூக்கைத் தொட்டால் அண்ணன், கழுத்தைத் தொட்டால் மாத்திரை. அவள் உதடு அசைந்தால் அவர் பார்வை அங்கேயே நிற்கும். அவரிடம் எதையும் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள். நான் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கூடாத முதல் ஆளும் அவள்தான்.

அன்று முழுக்க யோசித்ததில் ஒரு நேர் வழி தெரிந்தது. அவர் பரிசோதனை முடிவு அவருடையது. அவள் ரத்தம் அவளுடையது. கர்ப்பிணி எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. அவளிடம் கேட்க யார் அனுமதியும் எனக்கு வேண்டாம்.

கேட்டேன். எச்.ஐ.வி. என்று பெயரைச் சொல்லியே கேட்டேன். அது டவுனுக்காரர்களுக்கு வருவது என்றாள். மாசமாக இருக்கிற எல்லாருக்கும் எடுக்கிறோம், மலை கீழே என்று பார்ப்பதில்லை என்றேன். அதற்கும் அசையவில்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"புள்ளைக்கு காது கேக்குமா மேடம்?"

அதைத்தான் இத்தனை நாளாக மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவின் காது போனது பிள்ளைக்கு வராது என்றேன். ஆனால் பிள்ளைக்கு வரக்கூடிய வேறொன்றைத் தடுக்கத்தான் இந்த ரத்தம், காதுக்காக இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். பிள்ளைக்காக என்பது மட்டும் அவளுக்குப் போதுமாக இருந்தது. கையை நீட்டினாள்.

அவளுக்கும் இருந்தது.

பதினைந்து வருஷமாக இதே செய்தியை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மருந்து இருக்கிறது, பிள்ளையைக் காப்பாற்றலாம், நீயும் நன்றாக இருப்பாய் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. முந்தானையின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகு நேரம் இருந்தாள்.

"நான் எங்க வூட்டுக்காரர தவுர யாரையும் பாத்ததில்ல மேடம்" என்றாள். "இத அவருகிட்ட எப்படி காட்டுவேன்? நான் எங்கியோ போய் கொண்டாந்தேன்னு நெனச்சிட்டா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க? அவருக்கு பன்னியால வந்துச்சு, இவளுக்கு எதால வந்துச்சுன்னு கேப்பாங்களே."

அவருடைய முடிவு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் இவள் தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இவளைக் காப்பாற்றப் போய், ஊர் கல்லெறிய முதல் ஆளாக இவளையே நிறுத்திவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. சட்டத்தின் மேல் வந்தது, அந்தப் பன்றியின் மேல் வந்தது, அக்கியைப் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்த அந்த முகம் தெரியாத டாக்டர் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. கணவன் மனைவி இருவருக்கும் பார்ப்பதுதான் வழக்கம், யாருக்கு முதலில் தெரிகிறது என்பதை வைத்து யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். நீ தனியாகச் சொல்ல வேண்டாம், நானும் இருக்கிறேன் என்றேன்.

அவள் எழுந்துபோய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கதவைச் சாத்தினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஆனந்தன் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து பார்க்க வந்த இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

அம்மாக்கண்ணு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்தியதைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, சத்தமே இல்லாமல், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வியாதியின் பெயரை உதட்டால் சொன்னாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். அவள் மறுபடி சொன்னாள். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

சின்னதம்பி என்னைப் பார்த்தார். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் கையில் ஊசி குத்திய இடத்தைக் காட்டித் தன்னைத் தொட்டார். எனக்கும் பார்த்தீர்களா, இருக்கிறதா என்கிறார். இத்தனை நாள் நான் சொல்லத் தவித்ததை அவரே கேட்டுவிட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் பக்கத்தில் அவள் இருந்தாள். அவளைக் காட்டி, வெளியே அனுப்பட்டுமா என்று கையசைத்தேன். வேண்டாம் என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் தலையை அசைத்தேன். ஆமாம்.

கொஞ்ச நேரம் அவர் தன் விலாவைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கி வந்த இடம். என்னென்ன நினைத்தாரோ, எந்த ஊர், எந்த இரவு, எனக்குத் தெரியாது. அதைக் கேட்பது என் வேலையுமில்லை. பிறகு வாயைத் திறந்தார். அவ்வளவுதான், என் மெதுவான குரல், பிளைவுட் தடுப்பு, சாத்திய கதவு, பூட்டிய இழுப்பறை எல்லாம் போயிற்று.

"அது என்னோடது" என்றார். வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டிருக்கும். "போர் வண்டில இருந்தப்ப வந்ததுதான். எங்கிட்டருந்துதான் இவளுக்கு போய்ருக்குது. இவ மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு எவனாச்சும் இவள ஒரு வார்த்த சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். புள்ளைக்கு மருந்து இருக்குதான்னு அந்தம்மாவ கேளு."

நான் இருக்கிறது என்று தலையாட்டினேன். இன்றைக்கே என்று கையைக் காட்டினேன். வெளியே வார்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பெஞ்சில் தூக்கு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ எழுந்து நடக்கிற சத்தம்.

அம்மாக்கண்ணு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அவள் கைகளை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். என்னவோ சந்தேகம் வந்துவிட்டது.

"சத்தமாவா பேசிட்டேன்?" என்று அதே குரலில் கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.